ஆளில்லாத பதினைந்து மோட்டார் சைக்கிள்கள்

அந்த வினாத்தாளைத் தயாரித்த அதிகாரி, பதினைந்து மோட்டார் சைக்கிள்களை ஓர் ஆளும் இல்லாமல் வாவியில் அனுப்பினார். அனுப்பிவிட்டு, அதுதான் சரியான விடை என்று புள்ளியும் போட்டார். அப்படி அனுப்ப முடியாது என்று எழுதிய என்னைச் சித்தியடையாதவள் என்று எழுதி ஒதுக்கினார்.

அவருடைய பெயரைப் போட வேண்டாம் என்று இந்த இதழின் ஆசிரியர் கேட்டுக்கொண்டார். போடவில்லை. அவர் ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர். இந்த வார இதழ் அவருடைய அலுவலகத்துக்கும் போகிறது. வாசிப்பார்.

சிறிய கதிரை

ஒரு சனிக்கிழமை காலை. பள்ளிக்கூட மண்டபம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் மேசையும் கதிரையும். என் முழங்கால் மேசையின் அடிப்பலகையில் இடித்துக்கொண்டே இருந்தது. முதல் நாள் யாரோ ஒரு பிள்ளை மேசையில் ஒட்டிவைத்த சுவிங்கம் என் சேலையில் ஒட்டிக்கொண்டது.

நாங்கள் எட்டுப் பேர். எல்லோரும் அமைய ஊழியர்கள். அமைய ஊழியர் என்றால், எந்த நாளிலும் 'நாளைக்கு வரத் தேவையில்லை' என்று சொல்லிவிடக்கூடிய ஆள். நான் பதினொரு வருடமாக அப்படி இருந்தேன். இந்தப் பரீட்சையில் சித்தியடைந்தால் நிரந்தரம். நாற்பத்தைந்து வயதைத் தாண்டினால் பரீட்சையும் இல்லை. எனக்கு அப்போது நாற்பத்து மூன்று.

கணிதத்தாளின் கடைசிக் கேள்வியை வாசித்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேற்பார்வையாளர் என்னை முறைத்துப் பார்த்தார். கேள்வி இதுதான்:

'ஒரு பாதையில், ஊழியர் இருவர் நீங்கலாக, ஏற்றப்படும் பாரம் முப்பது ஆட்களின் பாரத்துக்கு மேற்படக் கூடாது. ஒரு மோட்டார் சைக்கிள் இரண்டு ஆட்களின் பாரத்துக்குச் சமம். ஆட்களின் எண்ணிக்கையை x எனவும் மோட்டார் சைக்கிள்களின் எண்ணிக்கையை y எனவும் கொண்டு இதனைச் சமனிலியாக எழுதுக. பாதையில் ஏற்றக்கூடிய மோட்டார் சைக்கிள்களின் உச்ச எண்ணிக்கை யாது?'

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் தெரு அல்ல. இரும்பு மிதவைகளின் மேல் பலகை அடித்து, இயந்திரம் பூட்டி, ஆட்களையும் வாகனங்களையும் வாவியின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கொண்டுபோகும் தட்டு அது. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவே அப்படி ஒரு பாதையில்தான் நான் வேலை செய்கிறேன். இயந்திரத்தைக் குணம் அண்ணன் பார்ப்பார். ஏற்றுவதும் இறக்குவதும் நான். எத்தனை பேர், எத்தனை சைக்கிள், போதுமா, வாசல் சங்கிலியைப் போடலாமா என்று சொல்வது என் வாய்.

அதாவது, நான் பதினொரு வருடமாகச் செய்யும் வேலையை எனக்கே கேள்வியாகப் போட்டிருந்தார்கள். நிரந்தரம் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

முதலில் x + 2y ≤ 30 என்று எழுதினேன். அதன் கீழே x ≥ y என்று எழுதினேன். மோட்டார் சைக்கிள் பத்து என்று விடை எழுதிக் கீழே இரண்டு கோடு இழுத்தேன். நேரம் மிச்சம் இருந்தது. சுவிங்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

அலுமாரி

x ≥ y எங்கிருந்து வந்தது என்று சிலர் கேட்கலாம். அதற்கு ஓர் அலுமாரியின் கதையைச் சொல்ல வேண்டும்.

நான் பாதைக்கு வந்த புதிது. கலியாணம் முடிந்த ஒரு வீட்டார் தேற்றாத்தீவிலிருந்து புது அலுமாரி ஒன்றை லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். கண்ணாடி வைத்த தேக்கு அலுமாரி. அக்கரையில் ஆட்கள் நிற்கிறார்கள், ஏற்றி மட்டும் விடு என்றார்கள். நானும் ஏற்றினேன். அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

ஆடி மாதம். கச்சான் காற்று. நடு வாவிக்கு வரும்போது அலுமாரி ஒரு தடவை தலையாட்டியது. அடுத்த தடவை கதவு திறந்தது. மூன்றாவது தடவை தண்ணீரில் கிடந்தது. மூழ்கவும் இல்லை. கண்ணாடியை வானத்துக்குக் காட்டியபடி தெற்கே மிதந்து போனது. வலை வீசிக்கொண்டிருந்த இரண்டு பேர் தோணியில் துரத்திப் பிடித்துக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அலுமாரிக்குள் ஒரு மணலைமீன் கிடந்தது என்று குணம் அண்ணன் இன்றைக்கும் சொல்லித் திரிகிறார். அது பொய். மற்றதெல்லாம் உண்மை.

அன்றைக்கு அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "பிடிக்க ஆளில்லாத சாமான ஏத்தாத புள்ள. ஆடெண்டாலும் சரி, அரிசி மூடையெண்டாலும் சரி."

எங்கள் பாதையில் அதுதான் வழக்கம். எழுதிவைத்த சட்டம் இல்லை. எழுத வேண்டிய தேவையும் யாருக்கும் வரவில்லை. மோட்டார் சைக்கிளில் வருகிறவர் இறங்கி, வண்டியின் பக்கத்தில் நின்று, கைபிடியைப் பிடித்தபடிதான் அக்கரை போவார். பாதைத் தட்டில் ஸ்டாண்டை நம்ப முடியாது. தட்டு ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு வண்டி சரியும். ஒன்று சரிந்தால் பக்கத்தில் நிற்பது சரியும். கடைசி வண்டியின் பக்கத்தில் நிற்கிற ஆள் தண்ணீருக்குள் போவார்.

ஆகவே எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் என்றால் அது மூன்று ஆள். வண்டிக்கு இரண்டு, பிடிக்கிறவர் ஒன்று. முப்பதை மூன்றால் பிரித்தால் பத்து. பதினொரு வருடமாக என் கண் அப்படித்தான் எண்ணுகிறது.

இரண்டு சுருட்டு

எனக்கு அட்சரகணிதம் சொல்லித்தந்தவர் காத்தான்குடி றிபாயா டீச்சர். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். x என்ற எழுத்தைப் பிழை போடும் அடையாளம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். பரீட்சை வருகிறது என்று தெரிந்ததும் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து கேட்டோம். நூலகத்தின் பின் அறையில் ஞாயிறு காலையில் வந்து படிப்பித்தார். ஒருவரிடமும் ஒன்றும் வாங்கவில்லை. ஒரு நாள் நான் கொண்டுபோன இறாலை மட்டும் வாங்கினார். அதுவும் கணவருக்கு விருப்பம் என்பதால்.

சமனிலி என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, இது ஒன்றும் புதிது இல்லை, நீங்கள் வீட்டில் பேசுவதுதான் என்றார். ஒவ்வொருவரும் ஒரு வசனம் சொல்லுங்கள், அதைக் குறியீட்டில் எழுதுவோம் என்றார்.

துப்புரவு வேலை செய்யும் ஒரு பிள்ளை, இரண்டு கறிக்குக் குறைந்தால் தன் மாமிக்குச் சோறு இறங்காது என்றாள். டீச்சர் k ≥ 2 என்று எழுதினார். மாமியைப் பலகையில் பார்த்ததும் அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

குணம் அண்ணன் தன்னுடைய டொக்டரைக் கொண்டுவந்தார். ஒரு நாளைக்கு இரண்டு சுருட்டுக்கு மேல் வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். டீச்சர் s < 2 என்று எழுதிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். சரியா என்று கேட்டார்.

"இல்ல டீச்சர். இப்பிடி எழுதினா எனக்கு ஒண்டுதான் கிடைக்கும்," என்றார் குணம் அண்ணன். "ரெண்டாவதும் பத்தலாமெண்டுதான் டொக்டர் சொன்னவர். கீழ ஒரு கோடு போடுங்க."

டீச்சர் கோடு போட்டார். 'குறையாமல்', 'மேற்படாமல்' என்று வந்தால் அந்த எண்ணும் சேரும், அதற்குத்தான் அந்தக் கோடு என்பது எங்கள் ஆறு பேருக்கும் அன்றைக்கு விளங்கியது. குணம் அண்ணனின் இரண்டாவது சுருட்டை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டேன்.

பிறகு டீச்சர் இன்னொன்றைக் கேட்டார். சுருட்டு மைனஸ் மூன்றாக இருக்கலாமா? எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"சிரிக்கிறீங்கதானே. டொக்டர் அதச் சொல்லல்ல. சொல்லத் தேவையில்ல, எல்லாருக்கும் தெரியும். ஆனா தாள்ல நீங்க எழுதத்தான் வேணும். வசனத்துல இருக்கிறதையும் எழுதுங்க, வசனம் சொல்லாம விட்டதையும் எழுதுங்க."

s ≥ 0 என்று எழுதினார். நான் கொப்பியில் அதைச் சிவப்புப் பேனையால் எழுதிக்கொண்டேன்.

பத்து நிமிடம்

கணிதத்தில் சித்தியடைய நாற்பது புள்ளி வேண்டும். எனக்கு முப்பத்தாறு வந்தது. மற்றப் பாடங்கள் எல்லாம் சித்தி.

விடைத்தாளைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பத்து நிமிடம் பார்க்கலாம் என்றார்கள். அலுவலகத்தில் அந்த உத்தியோகத்தர் தன் மேசையிலேயே வைத்துக் காட்டினார். தாளைத் தயாரித்ததும் திருத்தியதும் அவர்தான்.

x + 2y ≤ 30 சரி. x ≥ y என்பதன் மேல் ஒரு வெட்டு. பக்கத்தில் 'தேவையற்றது'. பத்து என்ற விடையின் மேல் இன்னொரு பெரிய வெட்டு. பக்கத்தில் '15'. அந்தப் பகுதிக்கு ஆறு புள்ளி. எனக்குப் பூச்சியம். முப்பத்தாறோடு ஆறைக் கூட்டிப் பார்க்க எனக்கு டீச்சர் தேவையில்லை.

பதினைந்து எப்படி வந்தது என்று கேட்டேன். x பூச்சியம் என்றால் 2y முப்பது, ஆகவே y பதினைந்து என்று பொறுமையாக விளக்கினார். பொறுமை நிறைய இருந்தது அவரிடம்.

"x பூச்சியமெண்டா பாதையில ஒரு ஆளும் இல்லையா சேர்?"

"கணக்குக்கு அப்பிடித்தான்."

"அப்ப அந்தப் பதினைஞ்சையும் ஆரு உருட்டிக்கொண்டு வந்த?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேள்வியில் இல்லாததை விடையில் எழுதக் கூடாது, அது கணிதம் அல்ல, கதை என்றார். மேன்முறையீடு செய்ய விரும்பினால் செய்யலாம் என்றும், அதையும் தானே பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். பத்து நிமிடம் முடிவதற்குள் நான் எழும்பிவிட்டேன். இருந்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன்.

என் பிழையையும் எழுதிவிடுகிறேன். x ≥ y என்பதன் பக்கத்தில், 'ஒவ்வொரு மோட்டார் சைக்கிளையும் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்' என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பாதை தெரிந்த எவருக்கும் அந்த வரி தோன்றாது. தண்ணீர் நனைக்கும் என்று யாராவது அடிக்குறிப்பு எழுதுவார்களா?

றிபாயா டீச்சரிடம் போனேன். அவர் என் பக்கம் மட்டும் பேசவில்லை. பள்ளிக்கூடத் தாள் என்றால், கேள்வியில் உள்ளதை மட்டும் வைத்துப் பார்த்தால் பதினைந்துக்கும் இடம் இருக்கிறது என்றார். ஆனால் காரணத்தோடு பத்து என்று ஒரு பிள்ளை எழுதினால் தான் புள்ளியைக் கொடுத்துவிட்டு, அடுத்த முறை கேள்வியைத் திருத்துவேன் என்றார். பிறகு என் கொப்பியில் இருந்த சிவப்பு வரியைத் தொட்டார். சொல்லாததையும் எழுதச் சொன்னது நான்தானே என்றார். அவர் சொல்லித்தந்தது பிழை இல்லை.

மேன்முறையீடு எழுதிக் கொடுத்தேன்.

பலகை

இத்தோடு நின்றிருந்தால் இதை நான் எழுதியிருக்கமாட்டேன். ஆறு புள்ளிக்காக ஊரைக் கூட்டுகிறாள் என்பார்கள்.

சித்திரை கழிந்த சில நாட்களில், பாதை வந்து நிற்கும் துறையில் ஒரு புதுப் பலகையைக் கொண்டுவந்து நட்டார்கள். நீல நிறம், வெள்ளை எழுத்து.

'உச்ச அளவு. ஆட்கள்: 30. மோட்டார் சைக்கிள்கள்: 15.'

தாளில் இருந்த கணக்கு தரையில் இறங்கிவிட்டது. பலகைக்கு அளவு கொடுத்தவரும் அதே சேர்தான். மோட்டார் சைக்கிள் இல்லாவிட்டால் ஆட்கள் முப்பது. ஆட்கள் இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிள் பதினைந்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டார். வாசிக்கிற சனம் என்ன நினைக்கும்? முப்பது ஆளும் ஏறலாம், பதினைந்து மோட்டார் சைக்கிளும் ஏறலாம் என்றுதான் நினைக்கும்.

அதைக் கூட்டிப் பாருங்கள். முப்பது ஆள் முப்பது. பதினைந்து மோட்டார் சைக்கிள் இன்னொரு முப்பது. மொத்தம் அறுபது. பாதை தாங்குவது முப்பது. என் கொப்பியில் இதைப் பார்த்த றிபாயா டீச்சர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் சண்டை. பத்தோடு சங்கிலியைப் போட்டால், பலகையைப் பார் என்கிறார்கள். இவ எழுத வாசிக்கத் தெரியாத பொம்பிளை என்று ஒருவர் சொன்னார். அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன். பலகையில் உள்ளபடி நடந்துகொள், உன்னுடைய மேன்முறையீடு என் மேசையில்தான் இருக்கிறது என்றார் சேர். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். எனக்கு விளங்கியது. பதினைந்தை ஏற்றினால் ஆறு புள்ளி வரும். ஏற்றாவிட்டால் வராது.

அந்த வாரம் வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏற்றிவிடலாமா என்று யோசித்ததை மறைக்கமாட்டேன். யோசித்தேன்.

சடங்கு நாள்

வைகாசியில் படுவான்கரைக் கண்ணகி அம்மன் கோயிலில் வருடாந்தச் சடங்கு. அன்றைக்கு எழுவான்கரைச் சனம் முழுக்க எங்கள் துறையில்தான் நிற்கும். காலையிலிருந்து வெயில். கர்ப்பூரமும் பெற்றோலும் கலந்து மணக்கும்.

அந்த நாளில் நாங்கள் ஒரு பயணம் நடந்து வருகிறவர்களை ஏற்றுவோம், அடுத்த பயணம் மோட்டார் சைக்கிள்களை ஏற்றுவோம். பிற்பகலில் மோட்டார் சைக்கிள் பயணம் ஒன்று. ஒன்பது வண்டிகளை ஏற்றிவிட்டேன். பிடிக்க ஒன்பது பேர். இருபத்தேழு. நிற்க ஏலாமல் இருந்த வெல்லாவெளி அம்மா ஒருவரையும் அதோடு ஏற்றினேன். இருபத்தெட்டு.

சங்கிலியை எடுக்கும்போது பத்தாவது வண்டி வந்து நின்றது. வெள்ளை வேட்டி, கைபிடியில் பூமாலைப் பை. பார்த்தால் சேர்.

அடுத்த பயணம் வாருங்கள் என்றேன். அவர் பலகையைக் கையால் காட்டினார். ஒன்பதுதானே நிற்கிறது, இன்னும் ஆறு ஏற்றலாம் என்றார். பின்னால் நின்றவர்களும் ஓம் ஓம் என்றார்கள். பழுகாமத்துப் பால்காரர் ஒருவர் ஹோர்னை அமத்திப் பிடித்தார். குணம் அண்ணன் இயந்திரத்தடியில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் மேன்முறையீடு தெரியும்.

நான் சங்கிலியைப் பிடித்தபடி சொன்னேன்.

"ரெண்டாளுக்கு இடம் கிடக்கு சேர். பைக் ரெண்டாள் பாரம். உங்கட கணக்குப்படி சரியா வரும். பைக்க ஏத்துறன். நீங்க இஞ்ச நில்லுங்க, அடுத்த பயணம் வாங்க."

"என்ன கதைக்கிறீங்க? நான் இஞ்ச நிண்டா பைக்க ஆரு பிடிக்கிற?"

அவர் சத்தமாகத்தான் கேட்டார். துறையில் நின்ற அவ்வளவு பேருக்கும் கேட்டது. பால்காரர் ஹோர்னில் இருந்து கையை எடுத்தார்.

"அதத்தான் சேர் நான் தாள்ல எழுதினன்," என்றேன்.

முதலில் சிரித்தது வெல்லாவெளி அம்மாதான். அவவுக்குத் தாளும் தெரியாது, புள்ளியும் தெரியாது. "அந்தாள் பைக்க விட்டுட்டு வரமாட்டார் புள்ள, நீ சங்கிலியப் போடு," என்றா.

போட்டேன். அடுத்த மோட்டார் சைக்கிள் பயணத்தில் சேர் வந்தார். வண்டியோடுதான் வந்தார். காற்று கொஞ்சம் எழும்பியிருந்தது. அக்கரை வரும்வரை இரண்டு கையாலும் கைபிடியைப் பிடித்துக்கொண்டு, வாவியைப் பார்த்தபடி நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

இரண்டு கடிதங்கள்

பத்து நாளில் இரண்டு கடிதங்கள் ஒரே உறையில் வந்தன. ஒன்று, சடங்கு தினத்தில் பொதுமக்களுக்கு இடையூறு விளைவித்ததற்கு விளக்கம் கேட்டு. மற்றது, விடைத்திட்டத்தில் மாற்றம் செய்ய வேண்டிய அவசியம் காணப்படவில்லை என்று.

நான் இன்றைக்கும் அமைய ஊழியர்தான். நாற்பத்தைந்துக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அடுத்த பரீட்சை எப்போது என்று யாரும் சொல்லவில்லை. பலகை அங்கேயே நிற்கிறது. நானும் அதன் கீழே நின்று பத்தோடு சங்கிலியைப் போடுகிறேன். இதை எழுதியதற்காக நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால், அடுத்து அந்த இடத்தில் நிற்கப்போகிறவர் பலகையைப் பார்த்து ஏற்றுவார். அதுதான் எனக்குப் பயம்.

சேர், விளக்கம் கேட்ட உங்கள் கடிதத்துக்கு என் பதில் இதுதான். முழுவதையும் எழுதிவிட்டேன். இனி நான் கேட்கிறேன். அலுவலகத்தில், கதவைச் சாத்திக்கொண்டு சொல்லும் பதில் எனக்கு வேண்டாம். இதே இதழில், உங்கள் பெயரையும் பதவியையும் போட்டு, அந்தப் பலகையை வாசிக்கிற சனம் எல்லாம் வாசிக்கக்கூடியதாக எழுதுங்கள். சடங்கு நாளில் துறையில் நின்று நீங்கள் என்னிடம் கேட்ட அதே கேள்விதான், சேர்.

உங்கள் விடைத்தாளில் போன பதினைந்து மோட்டார் சைக்கிள்களையும் யார் பிடித்துக்கொண்டு போனது?